இடது கை அட்சதை

என் செல்ல மகனுக்கு,

நேற்று ஓசூரிலிருந்து போன் பேசியபோது, பூத்தில் பின்னால் ஆள் நிற்கிறார் என்று சொல்லி அவசர அவசரமாக வைத்துவிட்டாய். ஆள் நின்றாரோ இல்லையோ, அம்மா வாயைத் திறப்பதற்குள் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருப்பாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. உட்கார்ந்து முழுக்கப் படி. நீ சொன்னது இதுதான்: "சுமதியோட சித்தப்பா ரொம்ப சங்கடப்படறாரும்மா. கன்னியப்பன் ஐயாவை முகூர்த்தத்துக்கு வேண்டாம், சாயங்காலம் ரிசப்ஷனுக்கு மட்டும் கூப்பிட்டுக்கலாமே." சித்தப்பாவின் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. ஐயாவுக்கு வலது கை விளங்காது. முன்வரிசையில் உட்கார்ந்தால் அட்சதையை இடது கையால்தான் போட முடியும். தாலி ஏறுகிற நேரத்தில் பெண்ணின் தலையில் இடது கை அரிசி விழலாமா என்று அவர் கேட்கிறார். நல்ல மனிதர்தான், பெண்ணின் மேல் உள்ள பாசத்தில் கேட்கிறார். உனக்கும் சுமதிக்கும் கல்யாணம் ஆக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அவருக்கு நீ என்ன பதில் சொல்லப்போகிறாய் என்பதுதான் என் கவலை. உன் அப்பா எழுத மாட்டார். "அவனே புரிஞ்சுப்பான்" என்று சொல்லிவிட்டு, விசிலைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்றைக்குச் சனிக்கிழமை.

நம் வீட்டில் சனிக்கிழமை என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுமதிக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை அவளிடமும் நீ காட்ட வேண்டும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்துக்கு நாம் குடிவந்த வருஷம் நீ ஒன்றாம் வகுப்பு. உன் அப்பா ரயில்வேயில் வாரம் முழுக்க சிக்னல் வயர்களோடு மல்லாடிவிட்டு, கிடைக்கிற அரைநாள் ஓய்வில் மனிதர்களைப்போல் தூங்காமல், சாரணர் படை ஆரம்பிக்கிறேன் என்று புறப்பட்டார். முதல் சனிக்கிழமை வந்தது ஏழே பையன்கள். அதில் இரண்டு பேர் நான் செய்த சுண்டலுக்காக வந்தவர்கள். ஸ்கார்ஃப் தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பச்சைத் துணி, மஞ்சள் ஓரம். சதுரமாக வெட்டி அதையும் குறுக்கே வெட்டினால் இரண்டு பையன்களின் கழுத்துக்கு ஆகும். படை வளர்கிறதா தேய்கிறதா என்பதை உன் அப்பா வருஷக் கடைசியில் அறிக்கை எழுதும்போது தெரிந்துகொள்வார். எனக்குத் தையல் மிஷினில் உட்காரும்போதே தெரிந்துவிடும்.

ஓடியாட இடம் கொடுத்தவர் கன்னியப்பன் ஐயா. முடிச்சூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி அவருடைய நெற்களம் இருந்தது. சுற்றியிருந்த வயலெல்லாம் மனைகளாகிக் கல் நட்டாயிற்று. களம் மட்டும் சாணி மெழுகின கெட்டித் தரையோடு சும்மா கிடந்தது. உன் அப்பா போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "நெல்லு கொட்டன எடத்துல புள்ளைங்க குதிச்சா இன்னா சார் ஆயிடப்போவுது, குதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பேரன் வேலுவையும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். ஊரில் அவர் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பு. ஐயா வீட்டுப் பிள்ளையே போகிறான் என்று மற்ற வீடுகளிலிருந்தும் அனுப்பினார்கள். புலி அணி, மான் அணி, கழுகு அணி என்று வளர்ந்துகொண்டே போனது. நான் துண்டுத் துணி வாங்குவதை விட்டுவிட்டு மொத்தமாக வாங்க ஆரம்பித்தேன். பையன்கள் முடிச்சுப் போடவும், மூங்கில் கழிகளை ஆணியில்லாமல் கயிற்றால் கட்டிக் கோபுரம் எழுப்பவும், அடிபட்டவனுக்குக் கட்டுப் போடவும் பழகினார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று பழகினார்கள். சாரணர்கள் ஒருவருக்கொருவர் இடது கையால்தான் கைகுலுக்க வேண்டும். உலகம் முழுக்க அவர்களுக்கு அதுதான் வழக்கம். உனக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், காலையில் பால்காரரிடம்கூட இடது கையை நீட்டி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய். "ஸ்கார்ஃப் போட்டவங்களுக்கு மட்டும்தாண்டா" என்று உன் அப்பா திருத்தினார். அந்தத் திருத்தம்தான் வினையாக வந்து முடிந்தது.

அந்த ஆண்டு விழா உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. களத்தில் பந்தல் போட்டு, ஊரையே கூப்பிட்டு, கன்னியப்பன் ஐயாவைச் சிறப்பு விருந்தினராக உட்கார வைத்தோம். மாலைக்குப் பதிலாக ஸ்கார்ஃப் அணிவித்து வரவேற்பது சாரணர் மரியாதை. அதனால் நான் புதிதாகத் தைத்துக் கஞ்சி போட்டு வைத்திருந்த ஸ்கார்ஃபை உன் அப்பா அவர் கழுத்தில் போட்டார். பெரியவருக்குக் கொள்ளைச் சந்தோஷம், கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அடுத்து பையன்களின் அறிமுகம். புலி அணித் தலைவனாக நீ வரிசையின் முதலில் நின்றாய். மூன்று விரலால் விறைப்பாக சல்யூட் அடித்தாய். ஸ்கார்ஃப் போட்டவர் சாரணர், சாரணருக்கு இடது கை என்று உன் பதினோரு வயது மூளை கணக்குப் போட்டது. இடது கையை நீட்டினாய். உன் அப்பா அந்த ஸ்கார்ஃபை மாலையாக நினைத்தார், நீ உறுப்பினர் அடையாளமாக நினைத்தாய். இரண்டு பேர் நினைத்ததிலும் பிழையில்லை. ஆனால் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அறுபது தாண்டிய பெரியவரின் முன்னால் ஒரு பொடியன் இடது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். "இன்னாடா இது, எனுக்கு பீச்சாங்கையா நீட்டுற?" என்றார் ஐயா. நீ கையை இழுத்துக்கொண்டிருந்தால் சிறுபிள்ளை தெரியாமல் செய்தான் என்று போயிருக்கும். நீ இழுக்கவில்லை. "இதுதாங்க ஐயா முறை" என்றாய். அவர் எழுந்தார், ஸ்கார்ஃபைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார், இறங்கிப் போய்விட்டார். உன் அப்பா விசிலும் கையுமாகப் பின்னால் ஓடியதை நினைத்தால் இன்றைக்கு எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த ஸ்கார்ஃபை எடுத்து மடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் களத்துப் படலில் பூட்டு தொங்கியது. அன்று சாயங்காலமே உன் அப்பா உன்னை அழைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். அவர் வீட்டு கேட் திறக்கவில்லை. திரும்பி வரும் வழியில் நீ அழுதுகொண்டே, "நான் தப்பு பண்ணலையேப்பா" என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "மன்னிப்பு அவர் மனசு நொந்ததுக்குத்தான். நீ கையை நீட்டினதுக்கு இல்லை." அதிகம் பேசாத மனிதர் எப்போதாவது இப்படி ஒன்று சொல்லிவிடுவார். கொட்டிக் கொட்டிப் பேசுகிற எனக்கு அப்போதெல்லாம் பொறாமையாக இருக்கும். தெருக்குழாயடியில் ஒருத்தி என்னைப் பார்த்து, "யம்மா, பெரியவருக்கு பீச்சாங்கை நீட்னது உன் புள்ளதானா? சோக்கா வளத்துக்கினு கீற" என்றாள். "நல்லா வளத்ததாலதான் நீட்டின கையை இழுத்துக்கலை" என்று குடத்தை ஓங்கி வைத்துவிட்டு வந்தேன். வாய் ஜெயித்தது, படை தோற்றது. ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். படையை விட்டுப் போகிறவன் ஸ்கார்ஃபைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. மடித்த ஸ்கார்ஃபுகள் என் தையல் மிஷின் மேல் ஏறிக்கொண்டே போயின. வேலுவின் ஸ்கார்ஃப் மட்டும் வரவேயில்லை.

மிச்சமிருந்த பையன்களைக் கூட்டிக்கொண்டு உன் அப்பா ஏரிக்கரைக்குப் போனார். தலைக்கு மேலே பயிற்சி விமானங்கள் இரைந்துகொண்டு போகும். அவர் கட்டளை பையன்கள் காதில் விழாது. அவர் வலப்பக்கம் என்றால் பாதிப் பேர் இடப்பக்கம் திரும்புவார்கள். மாவட்டத்திலிருந்து வந்த பொறுப்பாளர் ஒருவர், "இவ்ளோ கம்மியா இருந்தா தனிப் படைன்னு எதுக்கு சார், பக்கத்து ஸ்கூலோட சேத்துடலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். இழுத்து மூடிவிடுங்கள் என்று நானும்தான் சொன்னேன். "ஏழு பேரோட ஆரம்பிச்சேன், இப்பவும் ஏழு பேர் இருக்கோம்" என்றார். நான் எண்ணிப் பார்த்தேன், ஆறுதான் வந்தது. ஏழாவது யார் என்று கேட்டேன். "நான்" என்றார். அடுப்படிக்குப் போய்ச் சுண்டலைத் தாளித்தேன்.

அடுத்த ஐப்பசி மழையில் கன்னியப்பன் ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கால் கொஞ்சம் தேறியது, வலது கை தேறவில்லை. வேலு ஒருநாள் ஏரிக்கரைக்கு சைக்கிளில் வந்து உன்னிடம் சொன்னான்: "தாத்தா யாரையும் பாக்க மாட்டன்றாருடா. கதவ சாத்திக்கினுதான் சாப்புடுறாரு." ஊரில் எந்த நல்ல காரியத்திலும் முதல் திருநீறு அவர் கையால்தான் பூசப்படும். தாம்பூலத்தை முதலில் வாங்குகிறவரும் அவர்தான். அப்பேர்ப்பட்டவர் இடது கையால் சாப்பிடுவதைப் பெற்ற மகள்கூடப் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். நீ வீட்டுக்கு வந்து, "அம்மா, ஐயாவைப் பாக்கப் போகணும், யூனிஃபார்மை எடு" என்றாய். பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே இஸ்திரியும் போட்டேன். நாற்காலியில் அவர் விட்டுவிட்டுப் போன ஸ்கார்ஃபை என் கூடையில் வைத்துக்கொண்டேன்.

கூடத்தில் ஈசிசேரில் கழுத்துவரை போர்வையோடு படுத்திருந்தார். நான் கூடையிலிருந்து ஆப்பிளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நீ நேராகப் போய் நின்றாய், சல்யூட் அடித்தாய், இடது கையை நீட்டினாய். வாசலில் நின்ற அவர் மருமகன், "டேய், உனுக்கு இன்னும் புத்தி வர்ல?" என்று பாய்ந்தார். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஐயா எங்கள் யாரையும் பார்க்கவில்லை, உன் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து அவருடைய இடது கை மெதுவாக வெளியே வந்தது. "எனுக்கு இந்தக் கைதாண்டா மிச்சம் கீது" என்றார், குழறலாக. "எங்களுக்கும் இந்தக் கைதாங்க ஐயா" என்றாய் நீ. பிடித்த கையை அவர் விடவேயில்லை. நடுவே ஏன்டா இந்தக் கை என்று கேட்டார். "இது கேடயம் புடிக்கிற கைங்க ஐயா. நம்பறவங்க முன்னாடிதான் கேடயத்தைக் கீழ வெப்பாங்களாம்" என்று உன் அப்பாவின் வகுப்புப் பாடத்தை ஒப்பித்தாய். அவர் போர்வையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கூடையிலிருந்த ஸ்கார்ஃபை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் அழுதேன். பன்னிரண்டு வயதில் நீ செய்ததை நான் எந்த வயதிலும் செய்திருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை களத்தில் பூட்டு இல்லை. நாற்காலி போட்டு ஐயாவே உட்கார்ந்திருந்தார், கழுத்தில் பச்சை ஸ்கார்ஃபோடு. அதற்குப் பிறகு அவர் தவறவிட்ட சனிக்கிழமைகள் அபூர்வம். சும்மா உட்காரவும் இல்லை. போலைன் என்று ஒரு முடிச்சு உண்டு. கிணற்றில் விழுந்தவன் ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றைத் தன் இடுப்பில் தானே கட்டிக்கொள்வதற்கானது. ஒரே கையால் போடுகிற முடிச்சு என்றதும் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனுக்கு சொல்லிக் குடுடா அத்த" என்றார். அவருக்கு இருப்பது இடது கை என்பதால் சொல்லிக் கொடுக்கிற நீங்களும் இடது கையால் பழக வேண்டியதாயிற்று. பிறகு போட்டி ஆரம்பித்தது. வாரா வாரம் அவர் ஒரு பக்கம், ஓர் அணி மறுபக்கம். தோற்றவன் களத்தைச் சுற்றி ஓட வேண்டும். அவர் தோற்றால் அவருக்குப் பதிலாக வேலு ஓடுவான். அந்த வருஷம் மாவட்டப் பேரணியில் முடிச்சுப் போட்டி நடந்தது உனக்கு நினைவிருக்கும். கடைசிச் சுற்றில் நடுவர், "போலைன், இடது கையால்" என்று அறிவித்தார். மற்ற படைகள் கயிற்றின் நுனியைத் தேடிக்கொண்டிருக்க, நம் பையன்கள் கட்டி முடித்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேடயத்தை உன் அப்பா கையில் கொடுக்க வந்தார்கள். அவர் வாங்கவில்லை. நீங்கள் அதை அப்படியே களத்துக்குக் கொண்டுவந்து ஐயாவின் இடது கையில் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு என் கால் மிஷின் மிதியை விட்டு இறங்கவில்லை. ஊர்ப் பையன்கள் திரும்பி வந்தார்கள், தம்பிகளையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். பொழிச்சலூரிலிருந்து இருவர் இருவராக ஒரே சைக்கிளில் வந்தார்கள். குழாயடியில் என்னை வம்புக்கிழுத்தவள் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "பொண்ணுங்கள சேத்துக்க மாட்டீங்களா?" என்று சண்டைக்கு நின்றாள். சாரணியர் படை அப்படிப் பிறந்தது. இரண்டு வருஷத்தில் களம் நிறைந்து, சின்னவர்களுக்கு ஒரு நேரம், பெரியவர்களுக்கு ஒரு நேரம் என்று பிரிக்க வேண்டியதாயிற்று. பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்ற அதே பொறுப்பாளர், பக்கத்துப் பள்ளியில் படை ஆரம்பிக்க ஆள் அனுப்பும்படி உன் அப்பாவிடம் கேட்டு வந்தார். காபி கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் தெருக்கள் மூழ்கியபோது, கழியும் கயிறும் வைத்து நீங்கள் கட்டிய நடைபாலத்தில்தான் ஒரு வாரம் ஜனங்கள் பால் வாங்கப் போனார்கள். நீயும் வேலுவும் மற்ற பையன்களும் டெல்லிக்குப் போய் ஜனாதிபதி விருது வாங்கி வந்தபோது, ரயில் நிலையத்தில் மாலையோடு முதலில் நின்றவர் கன்னியப்பன் ஐயா. பெருமையாகத்தான் இருக்கிறது. பெருமைப்படுவதற்கு வெட்கப்படுகிற குணம் உன் அப்பாவுடையது, என்னுடையது இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நானும் அப்பாவும் அவருக்குப் பத்திரிகை வைக்கப் போனோம். தட்டை இடது கையால் வாங்கினார், எங்களிடம் அவருக்குக் கூச்சம் இல்லை. பத்திரிகையைப் பிரித்து உன் பெயரைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வர்றம்மா. வராம இருப்பனா? ஓரமா குந்திக்கினு பாத்துட்டு போறேன். அட்சத தட்டு மட்டும் என்னாண்ட வேணாம். பொண்ணு வூட்ல எதுனா நெனச்சுக்குவாங்க." அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவராகவே முன்கூட்டி விலகிக்கொண்டார். களத்தில் சனிக்கிழமைகளில் தூக்கிய கையை, வெளியே வந்தால் இன்னமும் துண்டுக்குள் ஒளித்துக்கொள்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனசு வலித்தது. அதற்கு மேல் உன் போன் வேறு.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. புது உறவில் யார் மனமும் நோகக் கூடாது என்று பார்க்கிறாய், மாப்பிள்ளையாகப் போகிறவனுக்கு அந்த பயம் இயல்பு. ஆனால் ஒன்று கேட்கிறேன், சுமதியிடம் கேட்டாயா? சித்தப்பா சொன்னார், அம்மா சொன்னாள் என்று எல்லோரையும் எண்ணுகிறாயே, யார் தலையில் விழப்போகிற அரிசி அது? குடும்பம் என்று ஆன பிறகு ஊர் என்ன சொல்லும் என்பதைக் கடைசியாகக் கேள், கூட இருக்கிறவள் என்ன சொல்கிறாள் என்பதை முதலில் கேள். நான் சொன்னதையெல்லாம் உன் அப்பா கேட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைக் கேட்காமல் எதையும் முடிவு செய்ததில்லை. நீ சொல்ல வேண்டியதை அவளிடம் சொல், அவள் பதிலைக் கேட்டுக்கொள். அவள் நம் வீட்டுக்கு வந்த அன்று ஐயா நம் கூடத்திலேயே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்த கேடயத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யார் ஜெயிச்சது அத்தை?" என்று கேட்டாள். கதை நீளம், அப்புறம் சொல்கிறேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

இன்னொரு செய்தி. போன சனிக்கிழமை வேலு வந்தான், தாத்தா அட்சதைத் தட்டு வேண்டாம் என்றது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. பழைய புலி அணி, மான் அணி, கழுகு அணி, பொழிச்சலூர்ப் பையன்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வருகிறார்கள். பாதிப் பேருக்கு மீசையும் தொப்பையும் வந்துவிட்டதாம். கெட்டிமேளம் கொட்டும்போது அத்தனை பேரும் இடது கையால்தான் அட்சதை போடுவது என்று அவர்களே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். சாரணியர் பெண்களும் சேர்ந்துகொள்கிறார்கள். உன் அப்பா கேட்டுவிட்டுப் போய், கண்ணாடி முன்னால் இடது கையால் எதையோ தூவிப் பழகிக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் போடப்போகிறேன். விழுகிற அரிசியில் எது யார் கையிலிருந்து வந்தது என்று சித்தப்பா வேண்டுமானால் பொறுக்கிப் பார்க்கட்டும்.

ஆனால் எத்தனை பேர் கையைத் தூக்கினாலும் ஐயாவின் கை தானாக வெளியே வராது. அதை வெளியே வரவைக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான். அன்றைக்கு யாரையும் கேட்காமல் கையை நீட்டிக்கொண்டு நின்றான், யார் இழுத்தும் மடக்கவில்லை. இந்தக் கடிதத்தைச் சுமதியிடம் காட்டிவிட்டு பூத்துக்குப் போ. எனக்குப் போன் செய்யாதே, அவருக்குச் செய். போன் அவர் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, எழுந்து நடந்து வர நேரமாகும். மணி நீளமாக அடித்துக்கொண்டே இருக்கும். வைத்துவிடாதே. பின்னால் ஆள் நின்றால் நிற்கட்டும்.

உன் அம்மா